முனையில் இருக்கிறது சங்கதி

பல் சொத்தையை அடைக்கப் போனவர்களுக்கு அந்த நீல விளக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர் குழியைச் சுத்தம் செய்துவிட்டு, பல் நிறத்தில் பிசுபிசுப்பாக எதையோ வைத்து அழுத்துவார். பேனா அளவில் ஒரு விளக்கை வாய்க்குள் நீட்டிக் கொஞ்ச நேரம் பிடிப்பார். "இப்ப கடிச்சுப் பாருங்க" என்பார். பிசின் கல்லாகியிருக்கும்.

அந்தப் பிசினில் இருப்பவை, இரண்டு முனையிலும் மெத்தக்ரிலேட் என்ற சின்ன அணுக்கூட்டத்தை ஏந்திய மூலக்கூறுகள். ராஃபேல் போவன் என்ற அமெரிக்கர் 1962இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. வினை நடப்பது முனைகளில்தான். நடுப்பகுதி சும்மா இருக்கும். ஒளியை வாங்கி வினையைத் தொடங்கிவைக்க மஞ்சளாக ஒரு பொடி சேர்ப்பார்கள், கேம்ஃபர்குவினோன் என்று பெயர். கற்பூரத்திலிருந்து செய்வது. சாமிக்கு வெளிச்சம் காட்டுகிற கற்பூரம் இங்கே வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது.

இனி இந்தப் பிசினிடம் கூடுதலாக இரண்டு வேலை கேட்போம். இறுகியபின் கல்லாக இருக்கக் கூடாது, ரப்பராக இழுபட்டுத் திரும்ப வேண்டும். வந்த காரியம் முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்து காணாமல் போக வேண்டும். மருத்துவத்துக்கான மக்கும் ரப்பர், அதன் முனையில் வினைபுரியும் குழுக்கள் என்று ஆய்வாளர்கள் பேசுவதெல்லாம் இந்த இரண்டு கோரிக்கைகளின் கதைதான்.

எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நண்பர் பல வருஷம் டயர் ரீட்ரெடிங் பட்டறை நடத்தியவர். "ரப்பர்னா நமக்குத் தெரியாதா சார்" என்கிறார். தெரியும். பாதிப் பாடத்தை அவரே சொல்லிவிடுவார்.

கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பாலை உறையவைத்து, தகடாக அடித்துக் காயப்போடுகிறார்களே, அந்தப் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், ஒட்டும். இழுத்துப் பிடித்து வைத்தால் மெல்ல நீண்டு, விட்டாலும் முழுதாகத் திரும்பாது. உள்ளே இருப்பவை மிக நீளமான மூலக்கூறு இழைகள். இடியாப்பச் சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்து வந்துவிடும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது இழைக்கும் இழைக்கும் நடுவே பாலங்கள் விழுந்தன. அதன்பின் இழுத்தால் இழை நிமிரும், வழுக்காது. விட்டால் சுருண்டுகொள்ளும். ஊரில் பஞ்சர் கடைப் பலகையில் எழுதியிருக்கும் வல்கனைசிங் இதுதான்.

ஆனால் டயர் ரப்பரை உடம்புக்குள் வைத்தால் அது அங்கேயே கிடக்கும். அதன் முதுகெலும்பு கார்பனும் கார்பனும் கைகோத்தது. தண்ணீரால் அதை வெட்ட முடியாது. தண்ணீர் வெட்டக்கூடிய பிணைப்பு வேண்டுமென்றால் எஸ்டர் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப்பின் "தையல் பிரிக்க வேண்டாம், தானாகக் கரைஞ்சிடும்" என்கிறார்களே, அந்த நூல்களில் பெரும்பாலானவை எஸ்டர்தான். 1974இல் வந்த விக்ரில், கிளைக்காலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கோத்த சங்கிலி. உடம்பில் இருக்கும் நீர் அதைக் கண்ணி கண்ணியாக அறுக்கும்; மிச்சத்தை உடம்பு தன் வழக்கமான பாதையிலேயே எரித்துவிடும்.

நூலுக்கு அது போதும். ஒட்டுத்துணிக்கும் குழாய்க்கும் போதாது. லாக்டிக் அமிலப் பாலிமர் சுமார் 60 டிகிரிக்குக் கீழே கண்ணாடிபோல விறைத்துவிடும். உடம்போ 37 டிகிரி. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இப்படி ஓயாமல் அசையும் சதைமேல் விறைப்பான தகட்டை ஒட்டினால் அதன் விளிம்பு உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடம் அழலும், தழும்பேறும். சதை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அதே மெத்தென்ற பொருள் வேண்டும்.

சங்கிலியின் நடுப்பகுதியை மாற்றுவது அதற்காகத்தான். கேப்ரோலாக்டோன் என்று ஒன்று உண்டு. அதன் சங்கிலி மிகவும் தளர்வானது, கண்ணாடியாக விறைக்க மைனஸ் 60 டிகிரிக்குப் போக வேண்டும். ஆனால் அது தனியாக இருந்தால் படிகமாக அடுக்கிக்கொண்டு வேறு விதத்தில் கெட்டிப்படும். லாக்டிக் அமிலத்திலிருந்து வரும் லாக்டைடையும் கேப்ரோலாக்டோனையும் கலந்து கோத்தால் இரண்டாலும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாது; உடம்புச் சூட்டில் தளதளவென்று இருக்கும். ட்ரைமெத்திலீன் கார்பனேட்டும் இந்த வேலைக்கு உதவும். சங்கிலியைக் குட்டையாக நிறுத்திக்கொண்டால் கிடைப்பது கெட்டியான திரவம், பிதுக்கிப் பூசலாம்.

இதற்குமேல் நடுப்பகுதிக்கு வேலை இல்லை. மென்மையையும் கரையும் வேகத்தையும் அது தீர்மானித்துவிட்டது. எப்போது, எங்கே, எதைப் பிடித்து இறுக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியது முனை.

முனைகள் கிடைப்பது சுலபம். இந்தச் சங்கிலிகளை வளர்க்க ஒரு ஆல்கஹாலில் தொடங்குவார்கள். ஆல்கஹாலின் ஒவ்வொரு ஹைட்ராக்சில் கையிலிருந்தும் ஒரு சங்கிலி கிளம்பும். வளர்ந்து முடிந்த சங்கிலியின் நுனியில் மறுபடி ஒரு ஹைட்ராக்சில் நிற்கும். கிளிசரினில் தொடங்கினால் மூன்று கை. சினிமாவில் கண்ணீர் வரவழைக்கும் அதே கிளிசரின்தான். மூன்று நுனியிலும், பல் பிசினில் பார்த்த மெத்தக்ரிலேட்டின் தம்பியான அக்ரிலேட்டை மாட்டினால் சரக்கு தயார். கனடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஆம்ஸ்டன் குழு இந்த வகை நட்சத்திர வடிவச் சங்கிலிகளை ஒளியால் ரப்பராக்குவதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

"மூணு கை எதுக்கு சார்? ரெண்டு போதாதா?"

நல்ல கேள்வி. ஒரு நுனி இன்னொரு நுனியை மட்டும் பிடிக்கும் வினையாக இருந்தால், இரண்டு நுனிச் சங்கிலிகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு நீளமாகுமே தவிர வலையாகாது. எங்காவது மூன்று வழிச் சந்திப்பு இருந்தால்தான் வலை விழும். அக்ரிலேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் வினை தொடர்வினை, ஒரு இடத்தில் பல நுனிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். ஆகையால் இரண்டு கையும் நடக்கும், மூன்று இன்னும் உறுதி.

முனையில் கட்டுவதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கந்தகப் பாலம் இழையின் எந்த இடத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. போட்ட கந்தகம், வைத்த சூடு, விட்ட நேரம் மூன்றையும் பார்த்து மதிப்பிட வேண்டியதுதான். முனையில் மட்டும் முடிச்சு விழுகிறது என்றால் முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு தூரம் என்பது முன்கூட்டியே தெரியும், அது சங்கிலியின் நீளம். நீளத்தைப் பாதியாக்கினால் ரப்பரின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆய்வகத்தில் எடைபோடும்போதே கடைசியில் கிடைக்கப்போகும் மென்மையைத் தீர்மானித்துவிடலாம். நண்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு பேட்ச் மாதிரி இன்னொரு பேட்ச் வராதுன்னு நாங்க எவ்ளோ கஷ்டப்பட்டோம் தெரியுமா?"

இந்த யோசனை மருத்துவமனைக்குள் நுழைந்த கதைக்கு 1993ஐ முதல் வருஷமாகச் சொல்லலாம். அமர்ப்ரீத் சாஹ்னி, சந்திரசேகர் பாதக், ஜெஃப்ரி ஹப்பெல் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுவில் தண்ணீரில் கரையும் பாலிஎத்திலீன் கிளைக்கால், அதன் இருபக்கமும் கொஞ்சம் எஸ்டர், இரண்டு முனையிலும் அக்ரிலேட். ஒளி பட்டால் நீர் ஊறிய மெத்தென்ற ஜெல், நாள்பட்டால் எஸ்டர் அறுந்து கரைந்துவிடும். இந்த வழியில் வந்த ஃபோகல்சீல், நுரையீரல் அறுவைக்குப்பின் காற்றுக் கசிவை அடைக்க 2000இல் அமெரிக்க அனுமதி பெற்றது. மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரல் விரியும், சுருங்கும். அதோடு சேர்ந்து இழுபடாத அடைப்பு அங்கே நிற்காது. ஒளியை வாங்கித் தொடங்கிவைக்க அதில் இயோசின் சேர்த்திருந்தார்கள். நோய்க்குறியியல் ஆய்வகங்களில் சதைத் துண்டுகளை ரோஸ் நிறமாக்கும் அதே சாயம்.

இன்னொரு கிளை 2002இல் தொடங்குகிறது. பாஸ்டன் பக்கம் எம்ஐடியில் ராபர்ட் லாங்கரின் ஆய்வகத்தில் யாடாங் வாங், கிலெர்மோ அமீர் முதலியோர் பிஜிஎஸ் என்ற ரப்பரைச் செய்தார்கள். பொருட்கள் இரண்டே இரண்டு, கிளிசரினும் செபாசிக் அமிலமும். இந்தச் செபாசிக் அமிலம் விளக்கெண்ணெயிலிருந்து வருவது. ஆமணக்கு எண்ணெயின் பதினெட்டுக் கார்பன் அமிலத்தைக் காரத்தோடு கடும் சூட்டில் வைத்தால் பத்துக் கார்பன் துண்டாக உடைந்து இது கிடைக்கும். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், பெரும்பங்கு குஜராத். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுச்சுத்திக்குக் கொடுத்த எண்ணெய்க்கு இப்படியும் ஒரு வாரிசு.

பிஜிஎஸ் தன் நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்குமேல் கூடுதலாக இழுபட்டது. எலியின் தோலடியில் வைத்ததில் 60 நாளில் முழுதாகக் கரைந்து, வைத்த இடம் பழையபடி ஆகிவிட்டது. குறை ஒன்று இருந்தது. அதை இறுக்க 120 டிகிரிச் சூடு, வெற்றிடம், கூடவே நாள் கணக்கில் பொறுமை வேண்டும். அடுப்பில் செய்து எடுத்துப்போய் உள்ளே வைக்கலாமே தவிர, மனிதனுக்குள் வைத்து இறுக்க முடியாது.

அந்த இடத்தில் முனை மறுபடி உதவிக்கு வந்தது. பிஜிஎஸ்ஸை முழுதாக இறுக்காமல் பாகு நிலையில் நிறுத்தி, மீந்திருக்கும் ஹைட்ராக்சில்களில் அக்ரிலேட்டை மாட்டினார்கள். ஜெஃப்ரி கார்ப் உள்ளிட்ட குழுவின் 2007ஆம் வருஷ வேலை. கறாராகப் பார்த்தால் இதில் அக்ரிலேட் நுனியில் மட்டும் உட்காரவில்லை, சங்கிலியின் பக்கவாட்டிலும் தொங்குகிறது. அதனால் முன்பு சொன்ன நீளக் கணக்கு இங்கே அவ்வளவு சுத்தமாக வராது. இருந்தாலும் காரியம் நடந்தது. கொஞ்ச நேர ஒளியில் ரப்பர்.

இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளை நினைத்துக்கொண்டுதான் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் இதய அறுவை நிபுணர் பெட்ரோ டெல் நீடோ இதில் ஆர்வம் காட்டினார். நிரந்தர ஒட்டுத்துணியைத் தைத்தால் குழந்தை வளரும், துணி வளராது. துடிக்கும் இதயத்துக்குள் ஊசி நூலோடு போவதும் லேசில்லை. பசையோ இரத்தத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். கார்ப்பும் டெல் நீடோவும் 2014இல் வெளியிட்ட பசை தண்ணீரை ஒதுக்கும் குணமுள்ளது, கெட்டியானது. பூசினால் இரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சதையைத் தொடும். ஒளி காட்டும்வரை நகர்த்தலாம், காட்டியதும் பிடித்துக்கொள்ளும். ஓடில்லாத நத்தைகளும் கடற்கரையில் மணல்கூடு கட்டும் புழுக்களும் ஈரத்தில் ஒட்டும் விதத்தைப் பார்த்துக் கிடைத்த யோசனை என்றார்கள். பன்றிகளின் துடிக்கும் இதயத்தில் ஒட்டுத்துணியை இப்படி ஒட்டிக் காட்டினார்கள். அதிலிருந்து பாரிஸில் ஒரு கம்பெனி முளைத்தது. கெக்கோ பயோமெடிக்கல் என்று தொடங்கி இன்று டிஸியம் என்ற பெயரில் இருக்கிறது. இரத்தக்குழாய்த் தையலில் கசிவை நிறுத்தும் அவர்களுடைய பசைக்கு 2017இல் ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது.

ஒளிக்குக் காத்திராத முனைகளும் உண்டு. சில முனைகள் சதையில் இருக்கும் அமீன் குழுக்களை நேரே பிடித்துக்கொள்ளும். சில முனைகளுக்குத் தண்ணீர் போதும், அவைதான் ஐசோசயனேட்டுகள்.

பெயரைக் கேட்டதும் நண்பர் நிமிர்ந்துவிட்டார். "போபால்ல கசிஞ்சுதே?"

அதே குடும்பம்தான். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். குட்டி மூலக்கூறு, 39 டிகிரியில் கொதித்து ஆவியாகும். மூச்சில் புகுந்து, கண்ணிலும் நுரையீரலிலும் இருக்கும் ஈரத்தையும் புரதத்தையும் பிடித்துக்கொண்டது. புரதத்தைப் பிடிக்கும் அந்த வெறிதான் பசை செய்பவருக்கும் வேண்டியது. வித்தியாசம் எடையில் இருக்கிறது. கனமான சங்கிலியின் நுனியில் கட்டிவைத்த ஐசோசயனேட் காற்றில் கிளம்பாது. வைத்த இடத்தில் இருந்து, தொட்டதை மட்டும் பிடிக்கும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சோஃபா நுரைக்குப் பயன்படும் ஐசோசயனேட்டுகள் உடம்பில் சிதைந்தால் புற்றுநோய்ச் சந்தேகமுள்ள அமீன்களைத் தரக்கூடும். ஆகையால் மருத்துவத்துக்கு லைசினிலிருந்து செய்த ஐசோசயனேட்டைத் தேர்ந்தார்கள். லைசின் பருப்பில் தாராளமாக இருக்கும் அமினோ அமிலம். சிதைந்தால் லைசினாகவே திரும்பிவரும். இந்த வகையில் வந்த டிஷ்யூக்ளூ, வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவையில் உள்ளடுக்குகளை ஒட்ட 2015இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது விளக்குக் கேட்காது. காயத்தின் ஈரமே போதும்.

வினைபுரியும் முனை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வினைபுரியும் பொருளுக்கு ஆள் தெரியாது. இறுகாமல் மீந்த அக்ரிலேட், பக்கத்துச் செல்லையும் கடிக்கும். காற்றின் ஆக்சிஜன் மேல்பரப்பில் வினையைத் தடுத்துப் பிசுபிசுப்பாக விட்டுவிடும். இரத்தம் ஒளியைக் குடித்துவிடுவதால் ஆழத்தில் பாதிதான் வேகும். வினை சூட்டையும் கிளப்பும். ஐசோசயனேட் தண்ணீரோடு சேரும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். வேகம் கூடினால் காயத்துக்குள்ளேயே நுரை தள்ளும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அக்ரிலேட் விளம்பரங்களில் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு விஷயம். நுனிகள் சேரும் முடிச்சு கார்பனும் கார்பனும் கோத்தது, டயர் ரப்பரின் முதுகெலும்பு மாதிரியே. எஸ்டர் கைகள் அறுந்தபின்னும் அந்த முடிச்சு அறுபடாது. அது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். "முழுக்கக் கரையும்" என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. மருந்து நிர்வாகங்கள் அனுமதிக்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்வதில் எனக்குக் குறை இல்லை.

பாட்டிலில் அடைப்பதிலும் இதே தலைவலி. கிருமி நீக்கக் காமா கதிரைக் காட்டினால் அதுவே அக்ரிலேட்டை எழுப்பி, பாட்டிலுக்குள்ளேயே ரப்பராக்கிவிடும். நீராவியில் வைத்தால் எஸ்டர் அறுபடும். வெளிச்சம் ஆகாது, ஈரம் ஆகாது, சூடும் ஆகாது. "எங்க கம்பவுண்டும் அப்படித்தான் சார், வெயில் காலத்துல ஸ்கார்ச் ஆயிடும்" என்கிறார் நண்பர். உபயோகிக்கும் முன்பே இறுகிப்போவதற்கு ரப்பர்காரர்கள் வைத்த பெயர்.

கரையும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாகக் கரைந்தால்தான் பத்திரம் என்று யாருக்கும் தோன்றும். யாடாங் வாங்கின் குழு 2012இல் அதற்கு எதிரான ஒன்றைக் காட்டியது. பிஜிஎஸ் குழாய்மேல் மெல்லிய பாலிகேப்ரோலாக்டோன் உறை சுற்றி, எலியின் வயிற்று மகாதமனியில் ஒரு துண்டுக்குப் பதிலாக வைத்தார்கள். அதில் செல் எதையும் விதைக்கவில்லை. பிஜிஎஸ் விரைவாகக் கரைந்தது. கரையக் கரைய எலியின் சொந்தச் செல்கள் உள்ளே வந்து இடத்தைப் பிடித்தன. 90 நாளில் அங்கே இருந்தது, இயல்பான தமனியைப் பெரிதும் ஒத்த குழாய். பொருள் இளகி நகர்ந்தால்தான் சதை தன்மேல் விழும் இழுவிசையை உணர்ந்து நாரை நெய்கிறது. எலிக்குச் சரி, மனிதருக்கு அந்த வேகம் எவ்வளவு என்பது இனிமேல்தான் கணக்கிடப்பட வேண்டும்.

அண்மையில் வந்த அனுமதி நரம்புக்கு. விரலில் கத்தி வெட்டி நரம்பு அறுந்தால், மைக்ரோஸ்கோப்பின் கீழே முடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். ஒவ்வொரு தையலும் நரம்புக்கு இன்னொரு குத்து. டிஸியம் செய்த கருவியில் அறுந்த இரண்டு முனைகளையும் கரையும் பாலிமரில் அச்சிட்ட சிறு குழாய்க்குள் வைத்து, பசையைப் பூசி, ஒளி காட்டிப் பிடிக்கவைக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜூனில் இதை அனுமதித்தது.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று சொன்னதும் நண்பர் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சாண் போட்டுப் பார்க்கிறார். "அப்போ ஆறு மாசம் தாங்கணும் இந்த ரப்பர்." நரம்பு நுனிக்குப் போய்ச்சேர அவ்வளவு ஆகும்தான். ஆனால் ரப்பர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது ஒட்டு கூடும்வரை, சில வாரம். அந்த இடத்தைத் தாண்டியபின் நரம்பு தன் பழைய உறைக்குள்ளேயே ஊர்ந்து போய்விடும்.